மண்ணில் விளையும் மருந்து

கோடையில் காய்ந்து வெடித்துக் கிடக்கும் ஒக்கூர்ச் செம்மண்ணின்மேல் முதல் மழை விழுந்தவுடன் எழும் மணத்தை அறியாதவர் நம் சங்கத்தில் ஒருவரும் இரார். மழைக்கால முல்லையைப் பாடிய ஒக்கூர் மாசாத்தியாரும் அம்மணத்தை நுகர்ந்தே இருப்பார். அம்மணம் மண்ணுக்கு உரியதன்று; மண்ணுள் வாழும் ஒருவகைப் பாக்டீரியாவுக்கு உரியது. அமெரிக்க நாட்டு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நான்சி கெர்பர், லெச்செவாலியர் ஆகிய இருவரும் 1965-ஆம் ஆண்டில் அம்மணப் பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு ஜியோஸ்மின் என்று பெயரிட்டனர். மணத்தால் அப்பாக்டீரியாவுக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு விடை 2020-இல்தான் கிடைத்தது. கடுகினும் சிறிய ஒரு மண் பூச்சி அம்மணத்தை நாடி வந்து, பாக்டீரியாவின் வித்துக்களைத் தன் உடலில் ஒட்டிக்கொண்டு போய் வேறிடத்தில் பரப்புகிறதாம்.

இப்பாக்டீரியாவின் பெயர் ஸ்ட்ரெப்டோமைசெஸ். கண்ணுக்குத் தெரியாத நூலிழைகளாக மண்ணுள் படர்ந்து, மக்கும் வைக்கோலையும் சருகையும் தின்று வாழ்வது. நம் நாட்டு மருத்துவமனைகளில் வழங்கும் ஆண்டிபயாடிக் மருந்துகள் பலவற்றிற்குத் தாய் இதுவும் இதன் உறவினங்களுமே. ஆண்டிபயாடிக் என்பது ஒரு நுண்ணுயிர் உண்டாக்கும், மற்றொரு நுண்ணுயிரைக் கொல்லும் அல்லது அதன் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள். ஒரு கிராம் மண்ணில் பல கோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அத்தனைக்கும் போதிய உணவு அங்கு இல்லை. ஆகவே ஒவ்வொன்றும் தன் எல்லையைக் காத்துக்கொள்ளத் தனக்கென ஒரு ரசாயனப் படைக்கலம் வைத்திருக்கிறது. அப்படைக்கலத்தை நாம் கடனாக வாங்கிக்கொண்டோம். மருந்து என்று நாம் சொல்வது அதைத்தான்.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மன் என்னும் மண் ஆராய்ச்சியாளரிடம் மாணவராக இருந்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ். இருபத்து மூன்று வயதே நிரம்பிய அவ்விளைஞர் 1943-ஆம் ஆண்டில் இரண்டு இடங்களிலிருந்து ஒரே இனத்து ஸ்ட்ரெப்டோமைசெஸைப் பிரித்தெடுத்தார். ஒன்று எரு நிறைய இட்டிருந்த வயல் மண். மற்றொன்று ஒரு கோழியின் தொண்டை. நம் எருக்குழியும் கோழிக்கூடும் போன்ற எளிய இடங்களிலிருந்தே காசநோயைக் கொல்லும் முதல் மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் பிறந்தது. 1952-இல் நோபெல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் கிடைத்தது. அதற்கு முன்பே ஷாட்ஸ் நீதிமன்றம் சென்று, தாமும் கண்டுபிடிப்பாளரே என்னும் உரிமையை நிலைநாட்டிக்கொண்டார். உழைத்தவன் பெயர் விளைபொருளில் இல்லாமற் போவது நெசவாளருக்குப் புதிய செய்தியன்று.

இவ்வேலை நடைபெறும் முறையை ஒக்கூர் மண்ணையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு நான்கு விரற்கடை ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணைச் சுத்தமான உறையில் எடுக்கவேண்டும். அதைச் சில நாட்கள் நிழலில் உலர்த்தினால் ஈரத்தை நம்பி வாழும் மற்ற பாக்டீரியாக்கள் பெரும்பாலும் மடியும். ஸ்ட்ரெப்டோமைசெஸின் வித்துக்கள் வறட்சியைத் தாங்கி நிற்கும். பின்பு ஒரு கிராம் மண்ணைக் கொதிக்கவைத்து ஆற்றிய நீரில் கலக்கி, அக்கலவையைப் பத்தில் ஒன்று, நூற்றில் ஒன்று என்று படிப்படியாக லட்சத்தில் ஒரு பங்குவரை நீர்க்கச் செய்வார்கள். அதில் ஒரு சொட்டை, மாச்சத்தும் பால்சத்தும் கலந்த கடற்பாசிக் களியின்மேல் தடவி, நம் ஊர் வெப்பத்திற்குச் சற்றுக் குறைந்த சூட்டில் ஒரு வாரம் வைத்திருப்பார்கள். பாவுக்கு நாம் இடும் கஞ்சியில் உள்ள அதே மாச்சத்துத்தான் இவற்றிற்கும் விருப்பமான உணவு. வாரம் கழித்துப் பார்த்தால், களியின்மேல் சுண்ணாம்புத் துளி சிந்தியதுபோல் வெண்மையாகவும் சாம்பல் நிறமாகவும் உலர்ந்த புள்ளிகள் தோன்றும். மூடியைத் திறந்தால் முதல் மழையின் மணம் வரும்.

அடுத்து வருவது சோதனை. நோய்க்கிருமி ஒன்றை வேறொரு தட்டில் சீராகப் பரப்பி, அதன் நடுவே இப்புள்ளிகளில் ஒன்றை வைப்பார்கள். மறுநாள் கிருமி தட்டெங்கும் வளர்ந்து மங்கலாகத் தெரியும். புள்ளியைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் ஒன்று விழுந்திருந்தால், அங்கே ஏதோ ஒரு பொருள் கசிந்து கிருமியைத் தடுத்திருக்கிறது என்பது பொருள். அவ்வட்டத்தைக் கண்டவுடன் புதுமருந்து கிடைத்துவிட்டது என்று மகிழ்வதற்கில்லை. கிடைப்பது பெரும்பாலும் பழைய மருந்தே. மண்ணில் கிடைக்கும் இத்தகைய பாக்டீரியாக்களில் ஏறத்தாழ நூற்றில் ஒன்று ஸ்ட்ரெப்டோமைசினையே உண்டாக்குவது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் கண்மாய்க் கரையிலும் அதை உண்டாக்கும் பாக்டீரியா வாழ்ந்துகொண்டிருக்கலாம். புதிதாக ஏதேனும் கிடைத்தாலும், அது கிருமியை மட்டுமே கொல்லுமா, மனிதனையும் சேர்த்துக் கொல்லுமா என்று பார்ப்பதற்குள் ஆண்டுகள் பல கழிந்துவிடும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. மண்ணில் மருந்து இருக்கிறதென்று யாரும் காயத்தின்மேல் மண்ணை அப்பிவிடக் கூடாது. ரண ஜன்னி உண்டாக்கும் கிருமியும் அதே மண்ணில்தான் வாழ்கிறது.

தேறிய பாக்டீரியாவைக் கொண்டு மருந்தைப் பெருமளவில் உண்டாக்கும் தொழில், இட்லி மாவைப் புளிக்கவைப்பதற்கு ஒப்பானது. ஆனால் ஆயிரம் மடங்கு கண்டிப்பு வாய்ந்தது. பல்லாயிரம் லிட்டர் கொள்ளும் எஃகுத் தொட்டியில் சர்க்கரைப் பொருளும், சோயா மாவு அல்லது கடலைப் பிண்ணாக்கும், சில உப்புக்களும் கரைத்து நிரப்புவார்கள். கொதிநீராவியைச் செலுத்தி 121 பாகை வெப்பத்தில் அதிலுள்ள எல்லா உயிர்களையும் அழித்தபின், ஆறவைத்து, வளர்ப்புப் பாக்டீரியாவை விதைப்பார்கள். வடிகட்டிய காற்று இடைவிடாது உள்ளே செல்லவேண்டும். துடுப்புகள் இரவும் பகலும் சுழலவேண்டும். நுரை பொங்கினால் எண்ணெய் விட்டு அடக்கவேண்டும். அயற்கிருமி ஒன்று நுழைந்தாலும் தொட்டி முழுவதும் பாழ். முதல் இரண்டொரு நாள் பாக்டீரியா தின்று பெருகுவதோடு சரி, மருந்து சுரக்காது. உணவு குறைந்து வளர்ச்சி தளரும்போதுதான் படைக்கலத்தை வெளியே எடுக்கும். ஆகவே அதனைப் பட்டினி போடாமலும், வயிறார உண்ணவிடாமலும் நடத்துவதே இத்தொழிலின் நுட்பம். சில நாட்கள் கழிந்தபின் குழம்பை வடிகட்டி, நீரில் கலந்துள்ள மருந்தைப் பிரித்து, தூய்மை செய்து, தூளாக்குகிறார்கள்.

இத்துறையில் நம்மவர் செய்த பணி சிறிதன்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், பின்னர் அமெரிக்கா சென்று லெடர்லி என்னும் மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவரானார். அவர் தலைமையின்கீழ், எழுபது வயதைக் கடந்த பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியலார் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மண் வரவழைத்துச் சோதித்தார். 1945-இல் மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் புல்வயல் மண்ணிலிருந்து பொன்னிற ஸ்ட்ரெப்டோமைசெஸ் ஒன்று கிடைத்தது. அதிலிருந்து எடுத்த ஆரியோமைசின் 1948-இல் வெளிவந்தது. டெட்ராசைக்கிளின் குடும்பத்து மருந்துகளில் அதுவே முதலாவது. அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார்.

நம் நாட்டிலேயே மருந்து செய்யவேண்டும் என்று அரசாங்கம் 1954-இல் புனாவுக்கு அருகிலுள்ள பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் தொழிற்சாலையை நிறுவியது. உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெப் நிறுவனமும் உதவின. 1955-இல் பெனிசிலின் உற்பத்தி தொடங்கிற்று. பெனிசிலின் பூஞ்சணத்தின் விளைவு. மண் பாக்டீரியாவின் சரக்கான ஸ்ட்ரெப்டோமைசின் பின்னர் வந்தது. பிறர் கண்ட மருந்தைச் செய்வதோடு பிம்ப்ரி நின்றுவிடவில்லை என்பதை நாம் பெருமையோடு குறிக்கவேண்டும். அங்கு ஆராய்ச்சி நடத்திய திருமலாச்சாரும் அவர்தம் குழுவினரும் பிம்ப்ரி மண்ணிலிருந்தே ஒரு ஸ்ட்ரெப்டோமைசெஸைக் கண்டு, அதிலிருந்து ஹாமைசின் என்னும் பூஞ்சண நோய் மருந்தை எடுத்து 1961-இல் வெளியிட்டனர். ஆரியோபங்கின் என்னும் மற்றொரு மருந்தும் அக்குழுவினர் கண்டதே. தஞ்சை மாவட்டத்துக் கடற்கரைத் தென்னைகளைப் பிடித்து, தஞ்சாவூர் வாடல் நோய் என்று பெயர் பெற்ற அடித்தண்டு அழுகலுக்கு, ஆரியோபங்கின்-சால் 2 கிராமும் மயில்துத்தம் 1 கிராமும் 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்து வேர் வழியே ஊட்டும் முறை தமிழகத்து வேளாண் பரிந்துரைகளில் இடம் பெற்றது. பிம்ப்ரி மண்ணில் பிறந்த வித்தை தமிழ்நாட்டுத் தென்னந்தோப்புவரை வந்து சேர்ந்தது இவ்வாறே. அத்தொழிற்சாலை பிற்காலத்தில் நிதி நெருக்கடிக்கு உள்ளானது வருந்தத்தக்கது.

இனி நம் இல்லங்களைத் தொடும் செய்திக்கு வருவோம். ஸ்ட்ரெப்டோமைசின் வந்தவுடன் காசநோய் ஒழிந்தது என்றே உலகம் எண்ணியது. பிரிட்டனில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 1948-இல் வெளியாயிற்று. மருந்து பெற்ற 55 நோயாளிகளில் ஆறு மாதத்தில் இறந்தவர் நால்வர். படுக்கையில் ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தவர் பதினால்வர். ஆனால் ஐந்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது இரு சாராரிலும் பாதிக்கு மேற்பட்டோர் இறந்திருந்தனர். காரணம் யாது? ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்ததால், கோடிக்கணக்கான கிருமிகளில் அம்மருந்துக்கு இயல்பாகவே அசையாத சில மட்டும் பிழைத்துப் பெருகிவிட்டன. வயலில் ஒரே களைக்கொல்லியை ஆண்டுதோறும் அடித்தால், சாகாத களை மட்டும் விதை கட்டி வயலை நிறைப்பது போன்றதே இது. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றுக்குத் தப்பிய கிருமி மற்றொன்றுக்கு மடியும் என்பதை அதன் பின்னரே தெளிந்தனர்.

அத்தெளிவை ஏழை வீடுகளுக்குக் கொண்டுவந்த பெருமை சென்னைக்கு உரியது. 1956-இல் அங்கு நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், மருந்தைத் தவறாது உட்கொண்டால் மருத்துவ விடுதியில் படுத்திருப்பவரைப் போலவே வீட்டில் இருப்பவரும் குணமடைவர் என்று 1959-இல் மெய்ப்பித்தது. வீட்டார்க்கு நோய் தொற்றுவதும் அதனால் மிகவில்லை. 1964-இல் அதே நிலையம், வாரத்திற்கு இரு முறை மருத்துவப் பணியாளர் கண்முன்னே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியாசிட் மாத்திரையும் கொடுப்பது நல்ல பலன் தரும் என்று காட்டியது. நோயாளி மருந்து உட்கொள்வதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யும் முறை பின்னர் உலகெங்கும் பரவியது. தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்பது இன்று அதன் பெயர்.

இன்று காசநோய்க்கு முதன்மையாக வழங்கும் ரிபாம்பிசினும் மண் பாக்டீரியாவின் வழி வந்ததே. பிரான்சு நாட்டுத் தென்கடற்கரையின் பைன் மரக்காட்டு மண்ணிலிருந்து 1957-இல் மிலான் நகரத்து ஆராய்ச்சியாளர் கண்ட பொருளைச் சிறிது மாற்றிச் செய்தது அது. அம்மருந்தை உட்கொள்பவர்க்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைக் கண்டு அஞ்சி மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு. அந்நிறம் மருந்தின் சொந்த நிறமே, அஞ்சவேண்டியதில்லை. பாக்டீரியாக்கள் சாயமும் தரும். ஸ்ட்ரெப்டோமைசெஸில் ஒன்று நீலச்சாயம் சுரப்பது. அவுரி நீலத்தை நூலில் ஏறும்படி கரைத்துத் தரும் புளிப்புத் தொட்டியில் வேலை செய்வதும் பாக்டீரியாக்களே என்பதைச் சாயத்தொழில் அறிந்த நம் அங்கத்தினர் சிலர் கேட்டிருப்பர்.

தறியோடு நாள் முழுதும் அமர்ந்திருப்பவர் வீட்டில் இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளிச் சோதனை செய்யவேண்டும். நோய் உண்டெனில், இரண்டு மாதத்தில் உடல் தேறியதுபோல் தோன்றினாலும், வழக்கமான காசநோய்க்குரிய ஆறு மாத மருந்தை ஒரு நாளும் விடாது முடிக்கவேண்டும். பாதியில் நிறுத்தியவர் உடலில் மீந்திருப்பவை அம்மருந்துக்கு அடங்காத கிருமிகளாகலாம்; அவை அவரோடு நில்லாமல் அடுத்த தறிக்காரரையும் சென்று பற்றும்.

கிருமிகள் இத்திறனை எங்கிருந்து பெறுகின்றன? மருந்து பிறந்த மண்ணிலேயே மருந்துக்கு மாற்றும் பிறந்திருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசெஸ் தன் நஞ்சுக்குத் தானே இரையாகாதபடி தற்காப்பு ஒன்றை உடன் வைத்திருக்கிறது. முப்பதினாயிரம் ஆண்டுகளாக உறைந்து கிடந்த பனிநிலத்திலும் அத்தகைய தற்காப்பின் தடயங்களைக் கண்டு 2011-இல் அறிவித்தார்கள். பாக்டீரியாக்கள் இத்தற்காப்பை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளவும் வல்லவை. மருந்து அளவாகவும் அருமையாகவும் இருக்கும்வரை தற்காப்பு பெற்றவைக்குத் தனிச் சலுகை இல்லை. வயலிலும் தொழுவத்திலும் மருந்தைக் கொட்டினால் அவையே மிஞ்சும்.

கொட்டியும் வந்திருக்கிறோம். ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்கிளினும் ஒன்பதுக்கு ஒன்று என்னும் அளவில் சேர்ந்த ஸ்ட்ரெப்டோசைக்கிளின், நெல்லின் பாக்டீரியா இலைக்கருகலுக்கும் எலுமிச்சைச் சொறிநோய்க்கும் பல ஆண்டுகள் தெளிக்கப்பட்டது. பரிந்துரைக்காத பயிர்களுக்கும் தெளித்தவர் பலர். மனித மருந்தைப் பயிருக்குச் செலவிடுவதன் கேட்டை உணர்ந்து, வேளாண்மையில் இதனைத் தடை செய்யும் வரைவு ஆணையை மத்திய அரசு 2021 டிசம்பரில் வெளியிட்டது. ஆகவே கடைக்காரர் சொல்லை மட்டும் கேட்டு இதனை வாங்கித் தெளிப்பதை நம் அங்கத்தினர் விட்டுவிடவேண்டும். இலைக்கருகலுக்குப் புதுச் சாணத்தை நீரில் கரைத்து, வடிகட்டி, நூற்றுக்கு இருபது பங்கு வீதம் தெளிக்கும் எளிய முறையும் வேளாண் பரிந்துரையில் உண்டு. தழைச்சத்து உரத்தை அளவோடு இடுவதும் நோயை மட்டுப்படுத்தும். அவ்வாறே, கோலிஸ்டின் என்னும் மருந்தைக் கோழி முதலிய உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுப்பதை அரசு 2019-இல் தடை செய்தது. அதுவும் மண் பாக்டீரியாவின் சரக்கே. மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிக்கு மருத்துவர் கடைசியாக நாடுவது.

இவ்வளவும் சொன்னதால் மண் பாக்டீரியாவின் பொருள்கள் எவையும் வயலுக்கு ஆகா என்று கொள்ளலாகாது. ஆடுகளுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கும் ஐவர்மெக்டின், ஜப்பானின் கவானா என்னும் இடத்து மண்ணிலிருந்து சதோஷி ஓமுரா பிரித்த பாக்டீரியாவின் வழி வந்தது; அதற்காக அவருக்கு 2015-இல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. பருத்திக் காய்ப்புழுவுக்கு வாங்கும் எமாமெக்டின் அதன் நெருங்கிய உறவு. நெல்லின் இலையுறை கருகலுக்கு வாங்கும் வாலிடாமைசினும் ஸ்ட்ரெப்டோமைசெஸின் கொடையே. இவை மனிதருக்குரிய ஆண்டிபயாடிக் மருந்துகள் அல்ல என்பது வேறுபாடு. ஆயினும் நஞ்சு நஞ்சே; அளவும் இடைவெளியும் காக்கவேண்டும்.

மண் யாருடையது என்பதும் கேட்கத் தக்க கேள்வி. பிலிப்பைன்ஸ் நாட்டு இலோய்லோவில் அபெலார்டோ அகிலார் என்னும் மருத்துவர் 1949-இல் தம் ஊர் மண்ணை அமெரிக்கக் கம்பெனிக்கு அனுப்பினார். அதிலிருந்து எரித்ரோமைசின் பிறந்தது. உரிய பங்கு தமக்குக் கிடைக்கவில்லை என்று அவர் பல்லாண்டு முறையிட்டார். நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம் செடிகொடிகளோடு நுண்ணுயிர்களையும் நாட்டின் வளமாகக் கொள்கிறது. வெளிநாட்டார் அவற்றை ஆராய்ச்சிக்கோ வாணிபத்திற்கோ பெறுமுன் சென்னையிலுள்ள தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் அனுமதி பெறவேண்டும். ஊர்மட்டத்தில் இதற்கெனக் குழு அமைக்கவும் வழியுண்டு. நம் கண்மாய் மண்ணை அள்ளிச் செல்ல யாரேனும் வந்தால், அனுமதித் தாளைக் கேட்பதில் கூச்சம் வேண்டா.

தொட்டியும் நீராவியும் நம்மிடம் இல்லை. ஆனால் மருந்தைப் பிரித்தெடுக்காமல், மருந்து செய்யும் பாக்டீரியாவையே வயலில் குடியேற்றும் வழி ஒன்று உண்டு. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்னும் மண் பாக்டீரியாவை மாக்கல் தூளில் கலந்து பொட்டலமாக்கும் முறையை வகுத்தது. அது பயிரின் வேரைச் சுற்றிப் படர்ந்து, பூஞ்சணத்தைத் தடுக்கும் பொருள்களைச் சுரந்து, பூஞ்சணத்திற்கு வேண்டிய இரும்புச்சத்தையும் முந்திக்கொண்டு கவர்ந்துவிடுகிறது. நெல்லின் குலைநோய்க்கும் இலையுறை கருகலுக்கும் அது பயன்படும். விதை நெல் கிலோவுக்கு 10 கிராம் வீதம் ஒரு லிட்டர் நீரில் கலந்து, விதையை ஓர் இரவு ஊறவைத்து, நீரை வடித்து முளைகட்டவேண்டும். நடவுக்கு முன் ஏக்கருக்கு ஒரு கிலோ தூளை நீரில் கரைத்து நாற்றின் வேரை அரைமணி நேரம் நனைக்கலாம். நட்ட முப்பதாம் நாள் மேலும் ஒரு கிலோவை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தோடு கலந்து வயலில் தூவவேண்டும். நிலக்கடலைக்கும் விதை கிலோவுக்கு 10 கிராம் போதும்.

பொட்டலத்தில் இருப்பது உயிர். ஆகையால் வாங்கும்போது காலாவதி நாளைப் பார்க்கவேண்டும்; வெயில் படும் இடத்திலும் உர மூட்டை அருகிலும் வைக்கலாகாது; ரசாயனப் பூஞ்சணக்கொல்லியோடும் மயில்துத்தத்தோடும் கலக்கலாகாது. ஈரம் இல்லாத மண்ணில் தூவினால் பாக்டீரியா பிழைக்காது. நீர் பாய்ச்சிய மறுநாள் மாலையில் தூவுவது நலம்.